நொதித் தூண் தளர்ந்தது ஏன்? மணலி அருகே ஒரு பயோடீசல் கூடத்தின் நிகழ்வு ஆய்வு

மணலிக்கும் மாதவரத்துக்கும் இடையே இயங்கும் ஒரு சிறு தொழிற்கூடம், கடைகளில் பொரித்துக் கழித்த பாமாயிலை வாங்கிப் பயோடீசலாக மாற்றி விற்று வருகிறது. தொடக்கத்தில் எல்லோரையும் போலக் காஸ்டிக் சோடாவை வினையூக்கியாகக் கொண்டு நடந்த கூடம், பின்னர் அதைக் கைவிட்டு, ரெசின் மணிகளில் நிலைநிறுத்தப்பட்ட லைப்பேஸ் நொதிக்கு மாறியது. மாறிய புதிதில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. சில மாதங்களில் எண்ணெய் முழுமையாக மாறாமல் வெளிவரத் தொடங்கியது. பம்பின் அழுத்தமும் ஏறியது. உரிமையாளர் மீன் வறுவல் கடைகளிலிருந்து வரும் எண்ணெயைக் குற்றம் சொன்னார். கூடத்தில் நெடுநாள் வேலை பார்க்கும் மேஸ்திரியோ, "மருந்து செத்துப்போச்சு சார், இதைக் கொட்டிட்டுப் புதுசு போட்டாத்தான் ஆவும்" என்று ஒரே வார்த்தையில் முடித்தார். நொதியை அங்கே எல்லோரும் மருந்து என்றுதான் சொல்கிறார்கள்.

புதிதாக வாங்குவது எளிய முடிவு அன்று. அந்த நொதியின் விலைதான் இத்தொழிலின் தலையெழுத்தையே தீர்மானிக்கிறது. எனவே கொட்டுவதற்கு முன் காரணத்தைக் கண்டறிய வேண்டும் என்று கூடத்தார் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். அந்த ஆய்வின் பதிவு இது.

எண்ணெய்

பழைய எண்ணெய் என்று பொதுவாகச் சொன்னாலும், வடசென்னையில் அது ஒரே பொருள் அன்று. காசிமேடு, ராயபுரம் பக்கத்து மீன் வறுவல் கடைகளிலிருந்து வரும் டின்களில் நீரும் உப்பும் மசாலாத் தூளும் அடியில் கிடக்கும். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டிலும் பாரிமுனையிலும் பஜ்ஜி, போண்டா, அத்தோ போடும் கடைகளின் எண்ணெயில் கடலைமாவுத் துணுக்கு மிகுதி. சவுகார்பேட்டை இனிப்புக் கடைகளின் எண்ணெயில் வனஸ்பதி கலந்திருப்பதால், மார்கழி விடியற்காலையில் டின்னைக் கவிழ்த்தாலும் அது இறங்காது.

இந்த எண்ணெய் எதுவரை உணவுக்குப் பயன்படலாம் என்பதற்குச் சட்ட வரம்பு உண்டு. மொத்தத் துருவப் பொருள்கள், அதாவது பொரிக்கப் பொரிக்க எண்ணெயில் சேரும் சிதைவுப் பொருள்கள், 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. கழித்த எண்ணெயைச் சேகரித்துப் பயோடீசலுக்கு அனுப்பும் 'ரூக்கோ' திட்டத்தை இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் அதே ஆண்டில் தொடங்கியது. 2030-க்குள் டீசலில் 5 விழுக்காடு பயோடீசல் கலக்க வேண்டும் என்ற இலக்கைத் தேசிய உயிரி எரிபொருள் கொள்கையும் அதே 2018-இல்தான் வைத்தது. காகிதத்தில் வழி தெளிவாக இருக்கிறது. தெருவில், பெரிய கடை கழித்ததைச் சின்னக் கடை வாங்கிப் பொரிக்கும் வழக்கம் பயோடீசல்காரருக்குப் போட்டியாக நிற்கிறது. நல்ல எண்ணெய் அங்கே போய்விட, மிஞ்சியதுதான் கூடத்துக்கு வருகிறது என்பதை மனத்தில் வைத்தே மேலே படிக்க வேண்டும்.

பொரிக்கும்போது உணவிலிருந்து கசியும் நீர், சூட்டில் எண்ணெயை உடைத்துக் கட்டற்ற கொழுப்பு அமிலங்களை விடுவிக்கிறது. கடை எவ்வளவு நேரம் அடுப்பை எரித்ததோ அவ்வளவுக்கு அமிலம் கூடும். காஸ்டிக் முறையின் பகை இந்த அமிலம்தான்.

காஸ்டிக்கை விட்டது சரியா?

எண்ணெயின் ஒரு மூலக்கூறு, மெத்தனால் என்ற ஆல்கஹாலின் மூன்று மூலக்கூறுகளோடு வினைபுரிந்து மூன்று எஸ்டர்களையும் ஒரு கிளிசராலையும் தருகிறது. அந்த எஸ்டர்தான் பயோடீசல். பாமாயிலின் சராசரி மூலக்கூறு எடையை 850 என்று கொண்டால், 100 கிலோ எண்ணெய்க்கு வேதியியல் கணக்குப்படி 11.3 கிலோ மெத்தனால் தேவை, உடன்விளைவாக 10.8 கிலோ கிளிசரால் வரும். காஸ்டிக் முறையில் இந்தக் கணக்கின் இரு மடங்கு, அதாவது ஏறத்தாழ 22.6 கிலோ மெத்தனாலை ஊற்றி, 60 முதல் 65 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரம் கலக்குவது வழக்கம். மெத்தனாலை மிகுதியாக ஊற்ற ஊற்ற வினை முன்னோக்கி நகரும். இந்தப் பழக்கம் பின்னால் என்ன செய்தது என்பதுதான் இந்த ஆய்வின் மையம்.

எண்ணெயில் 5 விழுக்காடு கட்டற்ற அமிலம் இருந்தால் என்ன ஆகும்? 100 கிலோவில் உள்ள அந்த 5 கிலோ அமிலம், ஏறக்குறைய 740 கிராம் காஸ்டிக்கை முதலில் விழுங்கி, 5.4 கிலோ சோப்பாக மாறும். வினையூக்கி வீணாவது ஒரு நட்டம். அந்தச் சோப்பு எஸ்டரையும் கிளிசராலையும் பிரியவிடாமல் கெட்டிக் குழம்பாக நிறுத்தி வைப்பது அதைவிடப் பெரிய நட்டம். பிறகு சோப்பு போகும்வரை நீர் ஊற்றிக் கழுவ வேண்டும்; அந்தக் கழுவு நீர் மெத்தனாலும் கொழுப்பும் காரமும் சேர்ந்த கழிவு. மணலி 2009-இல் நாட்டின் மிகக் கடுமையாக மாசடைந்த தொழிற்பகுதிகளின் பட்டியலில் இடம்பெற்ற ஊர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவிய காட்சியைக் கண்டவர்கள், கொழுப்பு மிதக்கும் நீரைப் பக்கிங்காம் கால்வாய்ப் பக்கம் விடும் எவரையும் இனிச் சும்மா விடமாட்டார்கள். ஆகவே கழுவு நீரே இல்லாத முறையைத் தேடியது சரியான முடிவு என்பதே என் கருத்து.

நொதியும் மணியும்

லைப்பேஸ் கொழுப்பை உடைக்கும் நொதி. நீர் குறைந்த இடத்தில் அதே நொதி எஸ்டரைக் கட்டவும் செய்யும். எண்ணெயில் உள்ள கட்டற்ற அமிலத்தையும் அது விடுவதில்லை. அதையும் மெத்தனாலோடு சேர்த்து எஸ்டராக்கி, நீரை மட்டும் வெளிவிடுகிறது. காஸ்டிக்குக்குப் பகையான பொருள் நொதிக்கு மூலப்பொருள்.

இக்கூடம் வாங்கியது கேண்டிடா அண்டார்டிகா என்ற ஈஸ்ட்டின் 'பி' வகை லைப்பேஸ். அந்த ஈஸ்ட் அண்டார்டிகாவில் வாண்டா ஏரியின் வண்டலிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. பனிக் கண்டத்துப் பிறப்பு என்றாலும், அதன் நொதி 30 முதல் 50 டிகிரி வரை தயங்காமல் வேலை செய்கிறது. சென்னை வெயிலில் அதற்குக் கொதிகலன் தேவையில்லை; எண்ணெய்த் தொட்டியைச் சற்று இளஞ்சூட்டில் வைத்தால் போதும்.

நொதியை அப்படியே எண்ணெயில் போட்டால் திரும்ப எடுக்க முடியாது. அதனால் அக்ரிலிக் ரெசின் மணிகளின் நுண்துளைகளில் அதை ஒட்டவைத்து விற்கிறார்கள். மணி ஒவ்வொன்றும் 0.3 முதல் 0.9 மில்லிமீட்டர், உள்ளங்கையில் கொட்டினால் பம்பாய் ரவையைப் போலத் தோன்றும். இப்படி நொதியைத் திடப்பொருளில் பதிக்கும் எண்ணம் புதிதன்று. 1916-இலேயே நெல்சனும் கிரிஃபினும் கரித்தூளில் ஒட்டிய இன்வர்டேஸ் என்ற, சர்க்கரையை உடைக்கும் நொதி வேலையை விடவில்லை என்று காட்டினார்கள், 1969-இல் ஜப்பானில் அமினோ அமிலத் தயாரிப்புக்காக அது ஆலைக்குள் நுழைந்தது. எரிபொருள் என்ற மலிவான பொருளுக்கு அதைப் பயன்படுத்துவதுதான் சிக்கல்.

கூடத்தின் அமைப்பு எளியது. வடிகட்டிய எண்ணெயும் மெத்தனாலும் ஒரு கலக்கித் தொட்டியில் சேர்ந்து, மணிகள் நிரப்பிய இரண்டு எஃகுத் தூண்களில் அடுத்தடுத்து மேலிருந்து கீழாக இறங்கி, கடைசியில் ஒரு தெளிவுத் தொட்டியில் தேங்கும். அங்கே கிளிசரால் அடியில் பிரியும். மணிகளைக் கலக்கியில் போட்டு அடிக்காமல் தூணில் நிரப்பியதைப் பாராட்ட வேண்டும். கலக்கியின் இலைகள் மணிகளை அரைத்துத் தூளாக்கிவிடும்.

தளர்ச்சியின் தடயங்கள்

கூடத்தில் தினமும் செய்யும் சோதனை 3-27 சோதனை. 27 மில்லி மெத்தனாலில் 3 மில்லி பயோடீசலை ஊற்றிக் குலுக்கினால், எஸ்டர் கரைந்துவிடும். மாறாத எண்ணெய் கரையாமல் அடியில் ஒரு துளியாக உட்காரும். குறிப்பேட்டைப் புரட்டியபோது, முதலில் தெளிவாக இருந்த சீசா மெல்ல மங்கி, பிறகு அடியில் துளி நிற்கத் தொடங்கியிருந்தது தெரிந்தது. அதே பக்கங்களின் இன்னொரு கட்டத்தில் மெத்தனால் அளவும் படிப்படியாக ஏறியிருந்தது. துளி தெரிந்த ஒவ்வொரு முறையும் மேஸ்திரி மெத்தனாலைக் கொஞ்சம் கூட்டியிருக்கிறார். காஸ்டிக் உலையில் பல ஆண்டுகள் நின்றவர் அப்படித்தான் செய்வார். அங்கே அது சரியான வழி.

நொதிக்கு அது நேரெதிர். எண்ணெயில் மெத்தனால் நன்றாகக் கரையாது. வேதியியல் கணக்குப்படி தேவையான அளவில் ஏறக்குறைய பாதிதான் கரையும். மிஞ்சியது நுண்துளிகளாக மிதக்கும். அந்தத் துளி நொதியைத் தொட்டால், நொதியைச் சூழ்ந்து அதன் வடிவத்தைத் தாங்கி நிற்கும் சிறிதளவு நீரையும் உறிஞ்சிக்கொள்ள, நொதி உருக்குலைந்து மீளாத நிலைக்குப் போகிறது. ஒசாகாவில் யூஜி ஷிமாதாவின் குழு 1999-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. மெத்தனாலை மூன்றில் ஒரு பங்காக மூன்று தவணைகளில் சேர்த்தபோது, எண்ணெய் எடையில் 4 விழுக்காடு நொதியைக் கொண்டு, 30 டிகிரியில் 48 மணி நேரத்தில் 98.4 விழுக்காடு மாற்றம் கிடைத்தது என்றும், அதே நொதியை 50 முறை பயன்படுத்திய பின்னும் மாற்றம் 95 விழுக்காட்டுக்குக் குறையவில்லை என்றும் அவர்கள் பதிவு செய்தார்கள். முதல் தவணையில் பிறந்த எஸ்டர் அடுத்த தவணை மெத்தனாலைக் கரைத்துக்கொள்வதுதான் இந்த உத்தியின் உயிர்.

ஆனால் குறிப்பேட்டில் மெத்தனால் கூடியது என்பதை வைத்து மட்டும் முடிவு கட்ட முடியாது. எண்ணெய்தான் காரணம் என்ற உரிமையாளரின் ஐயமும் நியாயமானதே. கிளிசரால் என்ற மூன்றாவது சந்தேகமும் இருந்தது: நீரை விரும்பும் அந்தப் பிசுபிசுப்பான பொருள் மணியின் துளைகளை மூடி, எண்ணெய் நொதியை அடையவிடாமல் தடுக்கும். மெத்தனால் செய்த கேட்டைத் திருப்ப முடியாது. கிளிசரால் செய்ததைக் கழுவி எடுக்கலாம். இந்த வேறுபாட்டையே சோதனையாக்கினோம்.

முதல் தூணைத் திறந்து, மேல் அடுக்கு, நடு அடுக்கு, அடி அடுக்கு என மூன்று இடங்களிலிருந்து மணிகளை எடுத்தோம். மேல் அடுக்கு மணிகள் மாவுத் தூள் படிந்து பழுப்பேறியிருந்தன. விரலால் தேய்த்தால் தனித்தனியே உருண்டன. அடி அடுக்கு மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாக வந்தன. தேய்த்த விரலை நீரில் நனைத்ததும் வழவழப்பு கரைந்து போயிற்று. எண்ணெய்ப் பிசுக்கு நீரில் கரையாது. ஆகவே அது கிளிசரால். ஒவ்வொரு பங்கிலும் பாதியை டெர்ட்-பியூட்டனாலில் கழுவி உலர்த்தினோம். இந்தக் கரைப்பான் கிளிசராலையும் எண்ணெயையும் கரைக்கும், நொதியைக் கெடுக்காது. அதன் உருகுநிலை ஏறக்குறைய 25 டிகிரி என்பதால், குளிரூட்டிய ஆய்வறையில் பாட்டிலுக்குள்ளேயே உறைந்துவிடும். வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்திவைத்துத்தான் ஊற்ற முடிந்தது.

கழுவிய மணி, கழுவாத மணி, புத்தம் புது மணி என ஒவ்வொன்றையும் ஒரே எடையில், கடையில் வாங்கிய புதிய பாமாயிலோடும் மூன்றில் ஒரு பங்கு மெத்தனாலோடும் குலுக்கியில் வைத்தோம். மேல் அடுக்கு மணி, கழுவினாலும் கழுவாவிட்டாலும் அசையவில்லை. அடி அடுக்கு மணி கழுவாதபோது மந்தமாக இருந்து, கழுவிய பின் புது மணிக்கு அருகில் வந்தது. நடு அடுக்கு இரண்டுக்கும் இடைப்பட்டது. புது மணிகளை மீன் கடை எண்ணெயில் வைத்தபோதும், வடிகட்டி நீரை நீக்கிய எண்ணெயாக இருந்தவரை, வினை சற்றே தாமதமானதே தவிர நிற்கவில்லை.

விடை இதற்குள் இருக்கிறது. மேலிருந்து இறங்கும் கலவையில் கரையாத மெத்தனால் எண்ணெயைவிட இலேசானது. எண்ணெயின் அடர்த்தி 0.91 அளவில் இருக்க, மெத்தனால் 0.79. ஆகவே அது தூணின் வாயிலேயே தங்கி, முதலில் தொட்ட மணிகளைக் கொன்றது. 1.26 அடர்த்தியுள்ள கிளிசரால் கீழே இறங்கி அடி மணிகளை மூடியது. மேல் அடுக்கு செத்ததால் மாற்றம் குறைந்தது. குறைந்ததைக் கண்டு மெத்தனால் கூட்டப்பட்டது. கூட்டியதால் அடுத்த அடுக்கும் செத்தது. மேஸ்திரி சொன்னது மேல் அடுக்குக்கு மட்டும் பொருந்தும். மீதி மணிகளைக் கொட்டியிருந்தால் உயிருள்ள சரக்கைக் குப்பையில் போட்டதாகியிருக்கும்.

திருத்தம்

செத்த அடுக்கை அகற்றி, மீதியைக் கழுவி, இரண்டு தூண்களின் மணிகளை மூன்று சிறு தூண்களாகப் பிரித்தோம். ஒவ்வொரு தூணுக்கும் முன்னால் மூன்றில் ஒரு பங்கு மெத்தனால். 100 கிலோ எண்ணெய்க்குத் தவணைக்கு ஏறக்குறைய 3.8 கிலோ. ஒவ்வொரு தூணுக்கும் பின்னால் ஒரு தெளிவுத் தொட்டி. கிளிசராலை அங்கேயே இறக்கிவிட்டுத்தான் அடுத்த தூணுக்கு அனுப்ப வேண்டும். கலக்கித் தொட்டியில் கண்ணாடிக் குழாய் ஒன்று பொருத்தி, கலவை பனிபோல் மங்கலாக இருந்தால் தூணுக்குள் விடுவதில்லை என்று விதி செய்தோம். மாவுத் துணுக்குக்குத் துணி வடிகட்டி போதாது. நுண் வடிகட்டி சேர்த்ததும் பம்பின் அழுத்தம் தணிந்தது.

டெர்ட்-பியூட்டனாலைக் கழுவுவதற்கு மட்டுமின்றி வினைக் கலவையிலேயே நிரந்தரமாகச் சேர்த்துவிடலாம். மெத்தனாலும் கிளிசராலும் அதில் கரைந்துவிடுவதால் இரண்டு தொல்லையும் ஒருசேரத் தீரும். ஆனால் பிறகு அதைக் காய்ச்சி மீட்க நீராவியும் தீப்பிடிக்காத மின்னமைப்பும் வேண்டும். இந்த அளவுள்ள கூடத்துக்கு அது தாங்காது என்று விலக்கினேன்.

மெத்தனாலைக் குறைத்ததில் கணக்குக்கு வராத இன்னொரு நன்மையும் உண்டு. அதன் தீப்பற்று வெப்பநிலை 11 டிகிரி அளவில் இருப்பதால் சென்னையில் எந்தப் பருவத்திலும் அது எரியத் தயாரான நிலையிலேயே இருக்கிறது. பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்கும் தெரியாது. தமிழ்நாட்டில் மெத்தனால் வைத்திருக்க 1959-ஆம் ஆண்டு விதிகளின்படி உரிமம் வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்த பிறகு, ஒவ்வொரு லிட்டருக்கும் கணக்குக் காட்ட வேண்டிய பொருள் அது. இருப்பு பாதியானால் கவலையும் பாதி.

விலைக் கணக்கு

நொதி கிலோ 50,000 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். எண்ணெயில் 4 விழுக்காடு நொதி என்றால், ஒரு கிலோ நொதி ஒரு முறைக்கு 25 கிலோ எண்ணெயை மாற்றும். அதை 10 முறை மட்டும் பயன்படுத்தினால் 250 கிலோ. நொதிச் செலவு மட்டுமே கிலோவுக்கு 200 ரூபாய். டீசல் லிட்டர் தொண்ணூறு ரூபாயைத் தாண்டிய காலத்திலும் இது விற்காது. ஷிமாதா குழுவைப் போல 50 முறை ஓட்டினால் 1,250 கிலோ. செலவு 40 ரூபாயாக இறங்கும். அதுவும் பாரம்தான், 100 முறை ஓட்டினால் 20 ரூபாய். மாற்றத்தை 95-லிருந்து 98 ஆக்குவதில் காட்டும் அக்கறையை நொதியின் ஆயுளில் காட்டினால்தான் இத்தொழில் கட்டுப்படியாகும் என்பதை உரிமையாளர் இந்தக் கணக்கைப் பார்த்த பிறகே ஏற்றுக்கொண்டார். சோப்பும் உப்பும் கலக்காத கிளிசரால் கிடைப்பது வரவுப் பக்கம்.

2014-இல் சந்தைக்கு வந்த திரவ லைப்பேஸ்களைப் பற்றியும் கேட்டார்கள். மணியில் பதிக்கும் செலவு இல்லாததால் அவை மலிவு. மட்டமான எண்ணெயையும் ஏற்கும். ஆனால் அவை நீரோடு வேலை செய்பவை, கலக்கித் தொட்டி கேட்பவை, முடிவில் அமிலத்தைக் கூடுதலாக விட்டுவைப்பவை. தூண்களில் முதல் போட்டுவிட்டவருக்கு இப்போது அது வழியன்று; புதிதாகத் தொடங்குபவர் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.

திருத்தத்துக்குப் பின் 3-27 சீசா மீண்டும் தெளிவாக இருக்கிறது. தீராதது, மிஞ்சிய அமிலத்தின் அளவைக் காட்டும் அமில எண். கட்டற்ற அமிலம் எஸ்டராகும்போது நீர் பிறக்கிறது. 5 விழுக்காடு அமிலமுள்ள 100 கிலோ எண்ணெயில் ஏறக்குறைய 330 கிராம். அந்த நீர் சேரச் சேர வினை பின்னோக்கி இழுபட்டு, சிறிது அமிலம் எப்போதும் மிஞ்சும். பயோடீசலுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 15607 அமில எண்ணை 0.50-க்குள் கேட்கிறது, எஸ்டர் 96.5 விழுக்காடு, தனிக் கிளிசரால் 0.02 விழுக்காடு என்ற மற்ற வரம்புகளைத் தொடுவதைவிட இதைத் தொடுவது கடினமாக இருக்கிறது. இரண்டாம் தூணுக்கும் மூன்றாம் தூணுக்கும் நடுவே வெற்றிடத்தில் நீரை உறிஞ்சும் தொட்டி ஒன்றைச் சேர்க்கும் வேலை நடக்கிறது. கடைசியில் கொஞ்சம் காஸ்டிக் ஊற்றி அமிலத்தைச் சோப்பாக்கிப் பிரித்துவிடலாம் என்று மேஸ்திரி சொல்கிறார்; செய்யக்கூடியதுதான், ஆனால் கழுவு நீர் திரும்பவும் வரும். தொட்டி வரும்வரை, 0.50-ஐத் தாண்டும் பேட்சுகளை வண்டிக்கு விற்காமல் கொதிகலன் எரிபொருளாகவே கூடம் விற்கிறது.